உன் மாமா செய்யாத சத்தியம்

கவின்,

போனை எடுக்கமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாய். சரி, எடுக்காதே. பிடிவாதத்தை நீ கடையில் வாங்கவில்லை, என்னிடமிருந்துதான் கொண்டுபோனாய். அதற்காக உன்னைத் திட்டினால் என்னையே திட்டிக்கொள்வதாகும். ஆனால் எழுதினால் படிப்பாய் என்று தெரியும். கச்சான் கடலை சுற்றி வந்த தாளைக்கூட விடாமல் படிக்கிறவன் நீ. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற உன் பழக்கத்தை இந்த ஒரு தடவை மட்டும் விட்டுவிடு. மோர்டென்ஸ்ருட் ஸ்டேஷனில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மா, பொலிசிட்டப் போய் உண்மையைச் சொல்லுவியளா, மாட்டியளா?" என்று கேட்டாயே, அதற்கான பதில் இதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கு நான் எந்த வழியால் போய்ச் சேர்ந்தேன் என்பதையும் நீ என்னோடு நடந்து வந்து பார்க்க வேண்டும். இதை இங்கே நோர்வேயில் நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். கோவிலில் பாதிச் சனம் ஒரு மாதிரியும் மீதிச் சனம் இன்னொரு மாதிரியும் கதைக்கிறது. கதைக்கிறதுதான் கதைக்கிறார்கள், சரியாகக் கதைக்கட்டும்.

மனித உரிமை நீதிமன்றம் இருக்கிற ஸ்ட்ராஸ்பூர்க்கில், ஜிப்சிகள் என்று சனம் சொல்கிற ரோமா மக்களின் வழக்குகளைப் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்ன அன்று நான் கேட்டது உனக்கு இன்னும் கோபம்தான். "ஏன் மனே, இஞ்சை ஒரு வங்கிக்கும் வக்கீல் தேவைப்படேல்லையோ?" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் ஒருத்தி வந்து, "மகன் குறவருக்கு வக்கீலாமே?" என்று கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. அவள் சொன்ன சொல்லை அவளுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. மட்டக்களப்பில் நாங்கள் வளர்ந்த காலத்தில் அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து பாம்புப் பெட்டியோடும் குரங்கோடும் வருகிற சனத்தைத்தான் குறவர் என்போம். தலை வாராமல் நின்றால் குறத்தி, சத்தம் போட்டுச் சண்டை பிடித்தால் குறத்தி. அவர்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஒரே சொல்லை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, இங்கே குறொன்லாண்ட் தெருவோரத்தில் நீளப் பாவாடை கட்டி உட்கார்ந்திருக்கிற பெண்களின் தலையிலும் வைத்துவிட்டோம். நீ டி-பானே ரயிலில் எல்லோரும் பார்க்க என்னோடு சண்டை பிடித்தாய். "அவையும் இந்தியாவில இருந்து வெளிக்கிட்ட சனம்தான் அம்மா, ஆயிரம் வருசத்துக்கு முன்னம்" என்றாய். ஆயிரம் வருசம் நடந்தும் ஒரு வீடு கட்டேல்லையோ என்று நான் கேட்டேன். "கட்ட விட்டால்தானே" என்றாய். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

நீ விடவுமில்லை. இறங்குகிற இடம் வரை சொல்லிக்கொண்டே வந்தாய். ருமேனியாவில் மடங்களும் பிரபுக்களும் அவர்களை அடிமைகளாக வைத்திருந்து விற்றதை. செக் நாட்டில் பெண்களை மருத்துவமனையில் படுக்கவைத்து, அவர்களுக்கே தெரியாமல் பிள்ளை பெறாதபடி செய்ததை. பிள்ளைகளைக் குறைந்த புத்தியுள்ளவர்கள் என்று சொல்லித் தனிப் பள்ளிக்கூடங்களில் தள்ளியதை. சுவீடனில் பொலிஸ் குழந்தைகளின் பெயரையும் சேர்த்து அவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பதிந்து வைத்திருந்ததை. பிறகு நீதிமன்றம் அரசு செய்தது பிழை என்று சொன்னதை. பெரிய போருக்கு முன்னால் இந்த நோர்வேயே தன் மண்ணில் பிறந்த ரோமாக்களைத் திரும்பி வரவிடாமல் எல்லையில் கதவைச் சாத்தியதையும், வெளியே நின்றவர்களில் பலர் வதைமுகாமில் முடிந்துபோனதையும் நீ சொன்னபோது எனக்கு உள்ளே ஏதோ செய்தது. பதிவு, எல்லை, கதவு என்ற சொற்களெல்லாம் எனக்கும் பழக்கமானவைதானே. வீட்டிலுள்ளவர்களின் படத்தை வாசலில் மாட்டு என்று ஆமிக்காரன் சொன்ன ஊரிலிருந்து வந்தவள் நான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "இப்ப அவையை நோர்வே தேசியச் சிறுபான்மை எண்டு ஏத்துக்கொண்டிட்டுது. எங்களை ஆர் ஏத்துக்கொண்டது?" என்றேன். நீ சிரித்தாய். "பொறாமைப்பட முதல், அதுக்கு அவை குடுத்த விலையைக் கேளுங்கோ அம்மா."

நீ சொன்ன எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் என் மண்டைக்குள் முள்ளாய் நின்றது. அந்த ஏற்பு இந்த நாட்டில் தலைமுறைகளாக வாழ்கிற ரோமாக்களுக்குத்தான். நம் பலசரக்குக் கடை வாசலில் கை நீட்டி உட்கார்ந்திருக்கிற ரொடிகாவுக்கு இல்லை என்றாய். அவள் ருமேனியப் பாஸ்போர்ட்டோடு வருகிறவள். வரலாம், சில மாதம் இருக்கலாம். கை நீட்டுவது இங்கே குற்றமில்லை, ஆனால் அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தெருவில் படுத்தால் பொலிஸ் எழுப்பும். ஒரு களவு வழக்கு விழுந்தால் நாட்டை விட்டு அனுப்பிவிட்டு, திரும்பி வரக்கூடாது என்று தடையும் போடலாம். ஒரே சனம், ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் வேறு ஆளாகிவிடுகிறது. இதை நீ சொன்னபோது அது பாடம்போல் இருந்தது. சில வாரத்திலேயே அது என் கடைக்குள் வந்து நின்றது.

ரொடிகாவை நீ போகும்போதும் வரும்போதும் பார்த்ததுதான். எனக்கும் அவளுக்கும் இருந்த சண்டை உனக்குத் தெரியாது. குளிர்காலத் தொடக்கத்தில் சுடுதண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும், கூடினால் இரண்டு வயது குறைவு. பாவம் என்று தேநீரே ஊற்றி, நாங்கள் குடிக்கிற கோப்பையில் கொடுத்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, தன் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு எனாமல் கோப்பையை எடுத்து நீட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் சில சாதிக்காரருக்கென்று தனிக் குவளை வைத்திருந்ததை நான் கண்ணால் கண்டவள். என் அப்பா அதற்காகவே அந்தக் கடைகளுக்குள் கால் வைக்கமாட்டார். இங்கே வாசலில் கை நீட்டுகிறவள், முதலாளியம்மாவின் கோப்பை தனக்கு ஆகாதென்று தன் குவளையை நீட்டுகிறாள். உலகம் தலைகீழாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவளே கடையின் பின்பக்கத் தொட்டியைக் காட்டினாள். நமக்கு இருப்பது ஒரே ஒரு தொட்டி, உனக்குத் தெரியும். கை கழுவுவதும் அதில்தான், கோப்பை கழுவுவதும் அதில்தான், நிலம் துடைக்கிற துணியை அலசுவதும் அதில்தான். அவள் தனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில், கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள்: சாப்பாட்டுக்கு ஒரு தொட்டி, உடம்புக்கு ஒரு தொட்டி, நிலத்துக்கு ஒன்று. இடுப்புக்கு மேலே சுத்தம். கீழே வேறு. பாவாடையில் பட்டது வாய்க்குப் போகாது. அவள் மடியிலிருந்த ரொட்டி வழுக்கிப் பாவாடை விளிம்பில் விழுந்தபோது, அதை எடுத்துப் புறாக்களுக்குப் பிய்த்துப் போட்டதை நான் முன்பே பார்த்திருந்தேன். திமிர் என்று நினைத்திருந்தேன். மாதத் துடக்கு நாளில் சாமியறைக்குப் போகாத, பூவை மடியில் வைக்காத நான், அவளுக்கு விளக்கம் கேட்டு நின்றேன் பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் கோப்பையை நீட்டுவாள், நான் ஊற்றுவேன். முதலாளி என்ற அர்த்தத்தில் என்னை "ஷெஃப்" என்று கூப்பிடுவாள். நான் அவளை "மாராணி" என்பேன். அர்த்தம் கேட்டாள், சொன்னேன், ஒத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு முந்திய வாரம் நடந்ததற்கு வருகிறேன். கடைக்குள் நிற்க இடமில்லை. புதுப்பானைக்கு அடிபிடி, கரும்புக்கு அடிபிடி. அரிசி மூட்டை வந்து இறங்கியது. உன் மாமாவும் அவன் அக்கா நானும் பின்பக்கம் களஞ்சிய அறையில் மூட்டைகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். முன்பக்கம் மேசையில் அன்றைக்கு உதவிக்கு வந்த பிள்ளை மட்டும்தான். நாங்கள் வெளியே வந்தபோது நெய் டின்கள் வைத்திருந்த தட்டு வெறுமையாகக் கிடந்தது. ரொடிகா அப்போதுதான் சுடுதண்ணீர் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தாள். வரிசையில் நின்ற யாரோ ஒருத்தி, "வேற ஆர்?" என்றாள். அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது. மாமா பொலிசைக் கூப்பிட்டான். இரண்டு பேர் வந்தார்கள். நீ பார்த்தாயா என்று ஒருவன் கேட்டான். மாமா, பார்த்தேன், பாவாடைக்குள் வைத்தாள் என்று நோர்வேஜியத்தில் சொன்னான். நான் மேசைக்குப் பின்னால் நின்றேன். நெய் போன நேரத்தில் அவன் என் முன்னால் மூட்டையின் மறுமுனையில் இருந்தான். எனக்கு அது தெரியும். இன்னொரு நேரத்தில் பார்த்திருப்பான் என்று அந்த நிமிடமே எனக்குள் ஒரு வக்கீல் எழும்பி வாதாடினான். நான் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் ஒரு டின்னும் இருக்கவில்லை. அப்படியும் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் என்னைப் பார்த்து ஒரே சொல்தான் சொன்னாள். "ஷெஃப்?" என்றாள். கேள்விபோல.

அந்த ஞாயிறு நீ சாப்பிட வந்தாய். மாமா அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னான். நீ இறைச்சிக் குழம்பை அப்படியே வைத்துவிட்டு, "பாவாடைக்குள்ள சாப்பாட்டுச் சாமான் வைச்சவவோ? அவையின்ர வழக்கத்தில அது நடக்குமோ?" என்று கேட்டாய். பசி வந்தால் வழக்கமும் பறக்கும், கவின். அகதி முகாமில் இருந்தபோது நான் என்னென்ன வழக்கங்களை விட்டேன் என்று உனக்குச் சொன்னதில்லை. அதனால் அந்தக் கேள்வி என்னை அசைக்கவில்லை. அடுத்த கேள்விதான் அசைத்தது. நீ மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். "அம்மா, மாமா அப்ப எங்க நிண்டவர்?" நான் அப்பளத்தை எடுத்து வருகிறேன் என்று எழும்பிவிட்டேன். அந்த அப்பளத்தோடு உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொய்யன் என்று மாமாவை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். அடுத்த வாரம் ஸ்ட்ராஸ்பூர்க் போக வெளிக்கிட்ட அன்று ஸ்டேஷனில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் சொன்ன மறுமொழி எனக்கு நினைவிருக்கிறது. "அவன்ர குடியுரிமை விண்ணப்பம் உள்ள கிடக்குது மனே. பொலிசுக்குப் பொய் சொன்னவன் எண்டால் என்ன நடக்கும்?" என்றேன். "ரொடிகாவுக்கு என்ன நடக்கும்?" என்றாய் நீ. ரயில் வந்துவிட்டது.

அதற்குள் பொலிஸ் அவளை விட்டிருந்தது, ஆனால் வழக்கை விடவில்லை. அனுப்பி வைப்பது பற்றி முடிவெடுக்கப்போகிறார்கள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். தனியாக இல்லை. கூடவே ஒரு பெரியவர், துவைத்துத் தேய்த்த கோட்டு, கையில் தொப்பி. அவளுக்குப் பெரியப்பா முறையாம். அவர்களுக்குள் ஒரு பிணக்கு என்றால் கூடி உட்கார்ந்து கேட்டுத் தீர்க்கிற ஆட்களில் ஒருவராம். அவருடைய நோர்வேஜியம் ரொடிகாவுடையதைவிட நல்லது. மாமாவிடம் போய் மிக மரியாதையாகச் சொன்னார்: "எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. சாட்சி இல்லாத இடத்தில் செத்தவர்கள் மேல் சத்தியம் செய்வோம். இவள் செய்வாள். பிறகு நீ செய். நீ செய்துவிட்டால், அவள் இன்றைக்கே ஊருக்குப் போய்விடுவாள். நீதிமன்றமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்."

கடையில் கறிவேப்பிலை வாங்க வந்த ஒருத்தி அப்படியே நின்றுவிட்டாள். ரொடிகா முன்னால் வந்து, தன் மொழியில் ஏதோ சொன்னாள். சொற்கள் எனக்கு விளங்கவில்லை. செத்துப்போன மகளின் பேரைச் சொல்கிறாள் என்று பெரியவர் சொன்னார். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இவ்வளவு நாள் தேநீர் ஊற்றினேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் முடித்துவிட்டு மாமாவைப் பார்த்தாள். மாமாவுக்கு முகம் இறுகிவிட்டது. "இதென்ன விசர்க் கதை அக்கா, பொலிசிட்டச் சொன்னதுதான், அது போதும் எண்டு சொல்லு" என்றான். நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் கோபப்படவில்லை. "பொலிஸ் உயிரோடு இருக்கிறவன்," என்றார். "உயிரோடு இருக்கிறவனுக்கு யாரும் எதையும் சொல்லலாம். நான் உன் செத்தவர்களைக் கேட்கிறேன்."

மேசைக்கு மேலே சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாமியின் சின்னப் படம் இருக்கிறதே. வன்னியில் போரின் கடைசிக் கட்டத்தில் அவனை விட்டுப் போனவள். புதைத்த இடம்கூட மாமாவுக்குத் தெரியாது. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் விளக்கேற்றி, சாமியைக் கும்பிட்டுவிட்டு அவளையும் ஒரு தடவை பார்ப்பான். அந்தப் படத்தை அவன் நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். ஊரில் அம்மன் கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால், ஆயிரம் பொய் சொன்னவனுக்கும் கை எழும்பாது. உனக்கு அது கதை, எங்களுக்கு அது அப்படியில்லை. நான் மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன், கவின். சத்தியம் செய்துவிடாதே, செய்துவிடாதே என்று. அதே நேரம், செய்துவிடேன், எல்லாம் முடிந்துபோகட்டும் என்றும். இரண்டையும் நான்தான் கத்தினேன். மாமா வாயை மூடினான். ஒருவரையும் பார்க்காமல் களஞ்சிய அறைக்குள் போனான். பெரியவர் தொப்பியைத் தலையில் வைத்து, என்னிடம் தலையசைத்துவிட்டு வெளியே போனார். ரொடிகா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் சுட்டது.

உள்ளே போனேன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். ஏன்டா சொன்னாய் என்று கேட்டேன். மூட்டையின் தையல் நூலைப் பிய்த்தான். பிறகு சொன்னான்: "அவன் பாத்தனியோ எண்டு கேட்டான் அக்கா. இல்லை எண்டால் என்னையும் ஒரு மாதிரிப் பாப்பான் எண்டு நினைச்சன். அவதான் எடுத்தவ எண்டு எனக்கு நம்பிக்கை. பாத்தனான் எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன உடன அவன் என்ர கையைப் பிடிச்சு நன்றி சொன்னவன். இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து ஒரு பொலிஸ்காரன் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தரம்." நான் அவனை அடிப்பதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அந்த நன்றிக்காகத்தான், கவின். எத்தனை வருடம் அவனுடைய முகத்தைப் பார்க்காமல் அவனுடைய தாள்களை மட்டும் பார்த்தார்கள். ஒருவன் முகத்தைப் பார்த்தான், இவன் அதற்கு விலையாக இன்னொருத்தியைக் கொடுத்துவிட்டான். நாளைக்கு நான் பொலிசிட்டப் போகிறேன் என்று சொன்னேன். "போனா என்ர விண்ணப்பம் முடிஞ்சுது" என்றான். ஓம் என்றேன். "அப்ப உனக்கு நான் ஆர் அக்கா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இருந்திருந்தால் போயிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

போனேன். நல்ல பிள்ளை ஒருத்தி, உன் வயதுப் பொலிஸ்காரி, முதலில் ஒன்றைச் சொன்னாள். கூடப்பிறந்த தம்பியைக் குற்றத்தில் மாட்டக்கூடிய எதையும் நீங்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பேசாமல் இருக்க உங்களுக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது என்றாள். நீ சொன்ன அத்தனை நாடுகளும் அத்தனை சட்டங்களும் அப்போது என் தலைக்குள் வரிசையாக வந்தன. ஒருத்திக்கு இரவில் படுக்க உரிமை இல்லை. எனக்கு வாயைத் திறக்காமலிருக்கவும் உரிமை இருக்கிறது. அவ்வளவு நல்ல நாடு இது. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். பிறகு சொன்னேன்: "என் தம்பி அதைப் பார்க்கவில்லை. அந்த நேரம் அவன் என்னோடு அரிசி மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான்." சொல்லி முடித்ததும் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வெளியே வந்து நடைபாதையில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். ஓம், சொன்னேன். ரொடிகா மேலிருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள். நெய்யை யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது, நான் தேடவுமில்லை. அவள் மறுபடி வாசலில் இருக்கிறாள். முதல் சில நாள் தண்ணீர் கேட்டு உள்ளே வரவில்லை. நானே கேத்தலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். கோப்பையை நீட்டினாள். மகளின் பேரைக் கேட்டேன், சொன்னாள். இன்னும் பழையபடி சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவுமில்லை. கடைக்கு இரண்டாவது தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அவளுக்காக இல்லை, எனக்காக; இருபது வருடமாக நிலத்துணி அலசிய தொட்டியில் கழுவிய கோப்பையில் குடித்திருக்கிறேன் என்று நினைத்தாலே குமட்டுகிறது.

இனி நீ அவசரப்பட்டு மகிழாதே. கடைசிப் பக்கத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறாய். மாமா மேல் பொலிசுக்குப் பொய்யான வாக்குமூலம் கொடுத்ததாக வழக்குப் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். விண்ணப்பம் நின்றுபோய்க் கிடக்கிறது. வக்கீல் ஒருவரைப் பிடி என்றால், செய்ததைச் செய்துவிட்டேன், வக்கீல் எதற்கு என்கிறான். சில நாள் என்னோடு ஒரே மேசையில் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறான், பேசுவது குறைவு. இதை மலரில் போடட்டுமா என்று கேட்டேன். "போடு அக்கா. எப்படியும் கதைக்கினம்தானே" என்றான்.

நீ அவனைப் பொய்யன் என்றாய். பொய் சொன்னான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? நீ ஏழாம் வகுப்பு. மாமா வந்து சில மாதம்தான். உனக்குச் சப்பாத்து வாங்கப் போனோம். வாசலில் காவலாள் உன்னை மட்டும் மறித்து, பள்ளிக்கூடப் பையைத் திற என்றான். அன்றைக்கு ஐஸ்கிரீம் குடித்ததுதான் உனக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். பை திறக்கப்படவில்லை, கவின். நான் திறக்கத்தான் போனேன். திறந்து காட்டினால் முடிந்துவிடும் என்று உன் கையிலிருந்து வாங்கியும் விட்டேன். மாமா அதைப் பறித்துத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். அப்போது அவனுக்கு நோர்வேஜியத்தில் பத்துச் சொல்கூடத் தெரியாது. "நை," என்றான். "பொலிட்டி. பொலிட்டி கம்." பொலிஸ் வண்டியைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறவன். அகதி விண்ணப்பம் முதல் தரம் நிராகரிக்கப்பட்டு, எந்த நேரமும் பிடித்து அனுப்பலாம் என்ற நிலையில் இருந்தவன். உன் பைக்காகப் பொலிசைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டு நின்றான். காவலாள் ஏதோ முணுமுணுத்துவிட்டு வழிவிட்டான். வெளியே வந்து, ஏன்டா உனக்கு இந்த வேலை என்று நான் கத்தினேன். "கவின் எடுக்கேல்லை எண்டு சொல்லுறான் அக்கா. பிறகு எதுக்குத் திறக்கிறது?" என்றான்.

அந்த ஒரு வசனத்தைத்தான் நீ இன்று ஒவ்வொரு நாட்டு நீதிமன்றத்திலும் வேறு வேறு வார்த்தையில் சொல்லப்போகிறாய். அதை உனக்கு முதலில் சொல்லித் தந்தவன் அவன். பிறகு அவனே அதை மறந்தான். மறந்தவனுக்கு உரிமை இல்லை என்றால், நீ படித்த சட்டம் எனக்கு விளங்கவில்லை. ரொடிகா பக்கத்தில் நிற்பது உனக்கு இலேசு. அவள் குற்றம் செய்யாதவள். குற்றம் செய்தவன் பக்கத்தில், அவன் செய்யவில்லை என்று சொல்லாமல், ஆனால் பக்கத்திலேயே நிற்கிறவனைத்தான் நான் வக்கீல் என்பேன். சொந்தக்காரனுக்கு வழக்காடக்கூடாது என்று ஏதாவது விதி இருந்தால் அது உன்னுடைய பாடு, வேறொருவரைப் பிடித்துக் கொடு. வழக்கு நடக்கிற அன்றைக்கு வந்து மருமகனாக அவன் பக்கத்துக் கதிரையில் உட்கார்.

நேற்றுக் காலை கடையைத் திறந்து, சாமி விளக்கைத் துடைத்துக்கொண்டு நின்றவன், என் பக்கம் திரும்பாமலே கேட்டான். "அக்கா, கவின் வருவானோ?" வருவான் என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. மேலே மாமி பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத ஒன்றை அவள் முன்னால் சொல்ல எனக்கும் வரவில்லை.

போனை எடு, மனே.

அம்மா